துப்பறிகிறவர்களுக்கே துப்பு கிடைக்கவில்லை

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒருத்தரையும் விட்டுவைக்காமல் ஃபைல் போட்ட அலுவலகம். மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஃபைல், ஜான் லெனனுக்கு ஃபைல், பாவம், ஐன்ஸ்டைனுக்கும் ஃபைல். போட மறந்தது தங்கள் சொந்தக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்தான்.

எந்த சிஸ்டம் எங்கே இருக்கிறது, எந்த வேலைக்காக வாங்கினோம், எது எதோடு பேசும், நாளைக்கு எதைத் தூக்கிப்போடலாம் என்பதையெல்லாம் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்து, அதைக் காலாகாலத்தில் திருத்தியும் வைப்பதற்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். ஐ.பி.எம்.மில் இருந்த ஜான் ஸாக்மன் 1987-லேயே இதைக் கட்டம் போட்டுக் காட்டிவிட்டார். 1996-ல் வந்த கிளிங்கர்-கோஹென் சட்டம், அரசுத் துறைகள் இப்படியொன்றை வைத்திருந்தே ஆகவேண்டும் என்றது. சட்டத்தை ஊரார் மதிக்கிறார்களா என்று பார்ப்பது எஃப்.பி.ஐ.யின் வேலை. தானும் மதிப்பது வேறு இலாகா போலிருக்கிறது.

அப்போது அங்கே ஆண்டுகொண்டிருந்தது 1995-ல் வந்த 'ஆட்டோமேட்டட் கேஸ் சப்போர்ட்' என்ற வழக்கு மென்பொருள். வந்த வருஷம்தான் 1995. உள்ளே இருந்தது எழுபதுகளின் சரக்கு. பச்சை எழுத்துத் திரை, மவுஸ் கிடையாது, ஃபங்ஷன் கீயை அமுக்கி அமுக்கித் திரை திரையாகத் தாண்ட வேண்டும். ஏஜென்டுகள் பலர் வெறுத்துப்போய்க் காகிதத்திலேயே காலம் தள்ளினார்கள். அதை ஆசை ஆசையாகப் பயன்படுத்தியவர் ராபர்ட் ஹான்சன். ரஷ்யாவுக்கு ரகசியம் விற்ற எஃப்.பி.ஐ. அதிகாரி. தன்மேல் யாருக்காவது சந்தேகம் வந்துவிட்டதா என்று அதிலேயே தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். 2001 பிப்ரவரியில் மாட்டினார். அந்த சிஸ்டத்துக்கு இருந்த ஒரே திருப்தியான வாடிக்கையாளரும் போனார்.

அதே வருஷம் செப்டம்பரில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. சந்தேக நபர்களின் படங்களை ஈமெயிலில் அனுப்ப வழியில்லாமல் கூரியரில் அனுப்பினார்கள். வெட்கம் வந்தது, வெட்கத்தோடு பணமும் வந்தது. 'வர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற புது மென்பொருளை எஸ்.ஏ.ஐ.சி. என்ற நிறுவனம் எழுதிக்கொண்டிருந்தது. தேவைகளின் பட்டியல் மட்டும் 800 பக்கத்துக்கு மேல். அலுவலகம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல ஆளில்லை, திரையில் பட்டன் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்ல ஆள் இருந்தது. அளவு கொடுக்காமல் பொத்தானின் நிறத்தை மட்டும் சொல்லிச் சட்டை தைக்கக் கொடுத்த கதை. போதாததற்கு, தைக்கத் தைக்க மனசு மாறிக்கொண்டே இருந்தது. சி.ஐ.ஓ. என்ற தகவல் தொழில்நுட்பத் தலைவரின் நாற்காலியிலோ, அது சூடாவதற்குள் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்.

இதில் மகா துணிச்சல் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழையதை மூடிவிட்டு, திங்கள்கிழமை காலையில் எல்லாரும் புதியதில் உட்காருவதாகத் திட்டம். ஓடாவிட்டால் திரும்பிவரப் பாதை? போடவில்லை. தீவிரவாதியைப் பிடிக்கப் போகிறவன்கூட இவ்வளவு தைரியமாகப் போகமாட்டான்.

2003 செப்டம்பரில் அரசுத் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. ஓர் அறிக்கை விட்டது. எஃப்.பி.ஐ.க்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் தேவை என்று தலைப்பிலேயே போட்டுவிட்டது, உள்ளே புரட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தோ என்னவோ.

டிசம்பரில் புது மென்பொருள் வந்து இறங்கியது. 7 லட்சம் வரி நிரல். எஃப்.பி.ஐ. முதலில் 17 குறை கண்டுபிடித்தது, பிறகு அது 59 ஆனது. பஞ்சாயத்துக்கு ஒரு நடுவரை வைத்தார்கள். அவர் பிரித்துப் பார்த்து, 40 நிறுவனத்தின் தப்பு, 19 நீங்கள் பாதியில் மாற்றிக் கேட்டது என்று பங்கு போட்டுக் கொடுத்தார். என்னைக் கேட்டால் அந்த 19-தான் முழுக் கதையும். தன் வீட்டில் என்ன இருக்கிறதென்றே தெரியாதவரிடம் ஆர்டர் எடுத்தவரை மட்டும் திட்டி என்ன பயன்?

2005-ல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். செலவு 17 கோடி டாலர், அதில் 10.5 கோடி, உதவாத நிரலுக்கு. அடுத்து 'சென்டினல்' என்ற இன்னொரு மென்பொருள். 2006-ல் லாக்ஹீட் மார்ட்டினிடம் கொடுத்தார்கள், அதுவும் இழுத்தது, 2010-ல் வேலையைத் திரும்ப வாங்கிச் சின்னக் குழு ஒன்றை வைத்துத் தாங்களே எழுதினார்கள். 2012 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அதுவரைக்கும், உலகமே ஐபோனைத் தடவிக்கொண்டிருந்தபோது, எஃப்.பி.ஐ. ஃபங்ஷன் கீயை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது.