கோடு போடுறவனுக்குக் குளிருமா?

தம்பி, நீ போன்ல அனுப்புன வரைபடத்தைப் பாத்தேன். பச்சை, மஞ்சள், ஊதான்னு கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. தொகுதி எல்லையை மறுபடி வரையப் போறாங்க, நம்ம தமிழ்ச் சனம் சிதறக் கூடாது, அதுக்கு ஒரு கருத்தரங்கு, அதுல நீ பேச்சாளர். சந்தோசம். கருத்தரங்கு எங்க? கோலாலம்பூர் ஓட்டல்ல. கேமரன் மலையைப் பத்திப் பேச கேமரன் மலைக்கு வரக் கூடாதா? ஸ்வெட்டர் இல்லையோ?

சரி, உன் படத்துல இல்லாத பூகோளம் கொஞ்சம் சொல்றேன், கேட்டுக்க.

நாம இருக்குறது பகாங். மலையை விட்டு எறங்குனா கால் படுறது பேராக். ரிங்லெட் பக்கம் எறங்குனா தாப்பா. கம்போங் ராஜா பக்கம் எறங்குனா சிம்பாங் பூலாய், அப்படியே ஈப்போ. கல்யாண ஜவுளி ஈப்போ. பெரிய ஆஸ்பத்திரி ஈப்போ. தைப்பூசம்னா ஈப்போ கல்லுமலை. பகாங் தலைநகர் குவாந்தான் எந்தத் திசைன்னு எஸ்டேட்ல கேட்டுப் பாரு. பாதிப் பேரு வானத்தைக் காட்டுவான்.

மனுசனை விடு. மழைத்தண்ணியும் இப்படித்தான். தெலோம் ஆறும் பெர்தாம் ஆறும் தன்போக்குல விட்டா பகாங் பக்கம் ஓடி ஜெலாய்ல சேரும். 1960-கள்ல மின்சாரத்துக்காக மலையைக் குடைஞ்சு, ரிங்லெட்ல அணையைக் கட்டி, அந்தத் தண்ணியைப் பேராக்குல இருக்குற பத்தாங் பாடாங் பக்கம் திருப்பி விட்டாங்க. தண்ணி மாநிலம் தாண்டலாம். முட்டைக்கோஸ் லோரி தாண்டலாம். ஓட்டு மட்டும் தாண்டக் கூடாது! தொகுதி ஒரு மாநிலத்துக்குள்ளதான் அடங்கணும்னு சட்டம்.

அப்ப நம்ம ஓட்டு எங்க போச்சு? கிழக்க போச்சு. 2003 எல்லைச் சீரமைப்புல கேமரன் மலைன்னு ஒரு நாடாளுமன்றத் தொகுதியை உண்டாக்குனாங்க. 2004-ல முதல் தேர்தல். உள்ள ரெண்டு சட்டமன்றத் தொகுதி: தானா ராத்தா, ஜெலாய். தானா ராத்தா நம்ம மலை. ஜெலாய் கீழ, லிப்பிஸ் மாவட்டத்துல, சுங்கை கோயான் பக்கம். பெல்டா குடியேற்றம், மலாய்க் கம்பம், பூர்வகுடிக் கிராமம். இங்க தேயிலை, அங்க செம்பனை. இங்க கம்பளி, அங்க காத்தாடி. வேட்பாளர் ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் போனாருன்னா அவருக்கு ரெண்டு தினுசு சட்டை வேணும்.

இதுக்குச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்தியா? அரசியலமைப்போட 13-ஆவது அட்டவணையில எழுதி வச்சிருக்கு. மாநில எல்லையைத் தாண்டாத. நிர்வாக வசதி பாரு. வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமா இருக்கட்டும், ஒதுக்குப்புற கிராமத்துக்குக் கொஞ்சம் சலுகை குடு. உள்ளூர்ப் பிணைப்பை அறுத்துடாத. எழுதுனவன் நல்ல மனுசன்தான். இந்த நாலையும் ஒரே கோட்டுல நிறைவேத்த ஆளைக் காட்டிட்டுப் போயிருக்கலாம். கவாத்து வெட்டுறவன்கூட செடியைத் தொட்டுப் பாத்துட்டுத்தானே கத்தியை எடுக்குறான்? இவங்களுக்கு மேசையும் படமும் போதும்.

சலுகைன்னா எவ்வளவு சலுகை? 1957-ல அளவு இருந்துச்சு: 15 சதவீதத்துக்கு மேல ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. 1962-ல அதைத் தளர்த்துனாங்க. 1973-ல அளவுகோலையே தூக்கிப் பரண்ல போட்டாங்க. 2022 தேர்தல்ல பாங்கி தொகுதிக்கு மூணு லட்சம் வாக்காளருக்கு மேல. நமக்கு அம்பதாயிரம்கூட இல்ல. இங்க ஒருத்தன் போடுற ஓட்டுக்கு பாங்கியில ஆறு பேரு வரிசையில நிக்கணும். அதனாலதான் தம்பி, பிணைப்பு பிணைப்புன்னு நாம தொண்டை கிழியக் கத்துறோம். எண்ணிக்கையைப் பத்தி யாராச்சும் வாயெடுத்தா நமக்கு இருமல் வந்துடுது.

இப்ப நீ எழுதியிருக்குறதுக்கு வர்றேன். "நம்ம தொகுதி நம்ம கையை விட்டுப் போச்சு"ன்னு எழுதியிருக்க. யாரு எழுதிக் குடுத்த பட்டா அது?

கதையைப் பாரு. 2004-லயும் 2008-லயும் ஜெயிச்சது இந்தியர் கட்சியான ம.இ.கா.வோட தேவமணி. 2013-ல பழனிவேல், 462 ஓட்டு வித்தியாசம். 2018-ல சிவராஜ், 597 ஓட்டு. அந்த ரெண்டு தடவையும் எதுத்து நின்னு தோத்தது ஜ.செ.க. மனோகரன். நம்ம ஆளு நம்ம ஆளை எதுத்து நின்னா, ஜெயிக்கிற வித்தியாசம் ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்குத்தான் வருது. அப்புறம் பூர்வகுடிக் கிராமத் தலைவர்களுக்குப் பணம் போச்சுன்னு வழக்கு. 2018 நவம்பர் 30-ல தேர்தல் நீதிமன்றம் சிவராஜோட வெற்றி செல்லாதுன்னுடுச்சு. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தல்ல தேசிய முன்னணி நிறுத்துனது ம.இ.கா. ஆளை இல்ல, ரம்லி முகமட் நோரை. போலீஸ்ல இருந்து ஓய்வு பெத்தவரு, செமாய் இனத்துக்காரரு. 3,238 ஓட்டுல ஜெயிச்சாரு. மக்களவைக்குத் தேர்தல்ல ஜெயிச்சுப் போன முதல் பூர்வகுடி ஆளு அவருதான்.

அன்னிக்குக் கோப்பிக் கடையில நம்ம ஆளுங்க மூஞ்சியை நீ பாத்திருக்கணும். இழவு வீடு தோத்துச்சு. ஏன்டா, தொகுதியில நம்ம பங்கு ஏழுல ஒண்ணு. பூர்வகுடிக்காரங்க அஞ்சுல ஒண்ணுக்கு மேல. வெள்ளைக்காரன் கேமரன் 1885-ல அளவெடுக்க வர்றதுக்கு முன்னாடியே இந்தக் காட்டுல இருந்தவங்க. நம்ம தாத்தாமாரு தேயிலைக்கு வந்தது 1929-க்கு அப்புறம். இதுல யாரு யாருக்கு இடம் விடணும்?

இன்னொண்ணு சொல்றேன். தானா ராத்தாவையும் ஜெலாயையும் சேத்தது உனக்குக் கோணலாத் தெரியுது. செமாய் ஆளு நின்ன இடத்துல நின்னு பாரு. மலை மேலயும் அவன் கிராமம், கீழ ஜெலாய்ப் பக்கமும் அவன் கிராமம். பொண்ணு குடுக்கல் வாங்கல் அந்த வழியிலதான். உன் பிணைப்பு தார் ரோட்டு மேல போகுது, அவன் பிணைப்பு ஆத்தோட போகுது. நமக்கு அறுந்து கிடக்குற கோடு அவனுக்குச் சேத்து வைக்குற கோடு. இதையும் உன் கருத்தரங்குல பேசுவியா? இல்ல, அதுக்குள்ள மதியச் சாப்பாடு வந்துடுமா?

சரி, நம்ம சனத்தையே எடுத்துக்குவோம். ஒண்ணா வைக்கணும்னு சொல்றியே, யாரை? லயத்துக்கு வந்து பாரு. கொழுந்து பறிக்கிறது வங்காளதேசத்துப் பையன், நேப்பாளத்துப் பையன், இந்தோனேசியாக்காரன். அவங்க இங்க இருக்காங்க, ஓட்டு இல்ல. ஓட்டு இருக்குறவன் ஈப்போவுலயும் சிங்கப்பூர்லயும் இருக்கான். தீபாவளிக்கு வர்றான், ஸ்ட்ராபெரியோட போட்டோ எடுக்குறான், போயிடுறான்.

எண்ணுறதுலயும் விளையாட்டு உண்டு. இலங்கையைப் பாரு, அதுவும் தேயிலை மலைதான். 1947 தேர்தல்ல தோட்டத் தமிழரோட கட்சி ஆறேழு இடம் ஜெயிச்சுது. அடுத்த வருசமே குடியுரிமைச் சட்டம் வந்துச்சு, ஓட்டு போச்சு. 1952-ல ஒரு இடம்கூட இல்ல. ஆனா தொகுதி பிரிக்க மட்டும் தலையை எண்ணுனாங்க, ஓட்டில்லாத தலையையும் சேத்து! தமிழன் தலைக்காகக் கூடுன தொகுதியில வேற ஆளு உக்காந்தான். அப்புறம் 1977-ல நுவரெலியா–மஸ்கெலியான்னு மூணு உறுப்பினர் தொகுதி ஒண்ணு வந்துச்சு. அதுல மூணாவது ஆளாத் தோட்டத் தமிழர் தலைவர் தொண்டமான் உள்ள போனாரு. ஒரு தொகுதிக்கு மூணு ஆளு வச்சும் வழி பண்ணலாம்னு அவங்களுக்கே முப்பது வருசம் கழிச்சுத்தான் தோணிருக்கு.

இங்க கதை என்னன்னா, 2018 மார்ச் 28-ல நாடாளுமன்றம் புது எல்லைக்குத் தலையாட்டுச்சு. ஆறே வாரத்துல, மே 9-ல தேர்தல். அடுத்த சீரமைப்புக்கு எட்டு வருசமாவது இடைவெளி வேணும்னு விதி. கூட்டிப் பாரு, 2026. தேர்தல் ஆணையம் பரிந்துரையை வெளியிட்டா தொகுதியிலயே படத்தைப் பார்வைக்கு வைக்கும். ஒரு மாசம் டைம். அந்தத் தொகுதி வாக்காளர் நூறு பேரு சேந்து ஆட்சேபம் குடுத்தா உள்ளூர் விசாரணை வச்சே ஆகணும். வக்கீல் வேண்டாம், வண்ணப்படம் வேண்டாம். நூறு பேரு போதும்.

நூறு! கோயில் தலைவரை மாத்தணும்னா ஒரே சாயங்காலத்துல எரநூறு கையெழுத்து சேக்குற சனம் நாம. படம் தொங்குற மாசத்துல மட்டும் அந்தப் பக்கம் ஒருத்தன் தலை தெரியாது. எல்லாம் முடிஞ்சப்புறம் கோப்பிக் கடையில எல்லை ஆணையம் நடத்துவோம்.

ஆகட்டும், இந்தத் தடவை முந்திக்குவோம். நூறுல மொதல் பேரு உன் பேரா இருக்கட்டும், படிச்ச பையன். 2021 டிசம்பர்ல இருந்து 18 ஆனா தானாவே வாக்காளர், ஐசியில இருக்குற விலாசந்தான் கணக்கு. எடு, என்ன போட்டிருக்கு? பூச்சோங்கா?

அப்ப உன் கையெழுத்து இங்க செல்லாதே தம்பி. பரவால்ல, நீ படத்தை மட்டும் பெருசா அச்சடிச்சு அனுப்பு. கையெழுத்துக்கு நான் கீழ் லயத்து மண்டோரைப் பிடிச்சுக்குறேன்.