டேப் வைத்தியர்

அப்டேட் ஏறாத டேப்லெட்டைப் பார்க்க அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அழைக்கப்படுகிறவர் டேப் வைத்தியர். கட்டணம் வாங்குவதில்லை. இந்தத் துறையில் பட்டம் எதுவும் வாங்கியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவர் வீதம் காணப்படுகிறார். குடியிருப்பு பெரிதாக இருந்தால் இருவர் இருப்பார்கள், ஒருவர் செய்துவிட்டுப் போனதை மற்றவர் பார்த்து உச்சுக்கொட்டுவார். பெரும்பாலும் தொலைபேசித் துறையிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். அதே மாடியில் மென்பொருள் நிறுவனத்து இளைஞர்கள் நாலு பேர் இருந்தாலும் அவர்களை யாரும் அழைப்பதில்லை. அவர்கள் "சனிக்கிழமை வந்து பாக்கறேன் ஆன்ட்டி" என்பார்கள். இவர் லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு உடனே வருவார்.

கையில் ஒரு கேபிள் இருக்கும். பிறர் வீட்டுக் கேபிளையும் சார்ஜரையும் இவர் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கை நியாயமானதுதான். போனோடு வந்த சின்னச் சார்ஜரில் ஐபேடைச் செருகிவிட்டு, ராத்திரி முழுக்கச் சார்ஜில்தான் இருந்தது என்று சத்தியம் செய்யும் வீடுகள் நிறைய.

இவருடைய குலம் தோன்றிய கதை சுருக்கமானது. ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. அதற்குப் புதிய மென்பொருள் ஏற்ற அப்போது ஒரு கணினி வேண்டும், கேபிள் வேண்டும், ஐட்யூன்ஸ் வேண்டும். கணினி வைத்திருந்தவர் வைத்தியர் ஆனார். 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வந்தது. அன்று உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இறக்கப் போய், ஆப்பிள் சர்வர்கள் திணறி, 3200 என்ற பிழை எண்ணைத்தான் பலர் பார்த்தார்கள். அந்தப் பதிப்பு ஏறிவிட்டால் பிறகு கணினியே தேவையில்லை, வைஃபை வழியாகவே அப்டேட் வந்துவிடும் என்றானது. வைத்தியர்களுக்கு இனி வேலை இருக்காது என்றே தோன்றியது. வேலை பத்து மடங்கானது. அதுவரை அப்டேட் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் நிம்மதியாக இருந்தவர்களின் திரையில், செட்டிங்ஸ் படத்தின் தலையில் சிவப்பு வட்டத்துக்குள் 1 என்று தோன்ற ஆரம்பித்தது. சொட்டுகிற குழாயைச் சகிக்காத மாமிகளால் அந்த 1-ஐயும் சகிக்க முடியவில்லை.

நோயாளி பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் மகளோ மகனோ வாங்கிக் கொடுத்த ஐபேட். மேலே பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ஒரு துணி உறை. வைத்தியர் முதலில் கதை கேட்பார்.

"நேத்து வரைக்கும் நன்னாத்தான் இருந்தது. நான் ஒண்ணுமே தொடலை."

"ஏதாவது மெசேஜ் வந்ததா மாமி?"

"என்னமோ இங்கிலீஷ்ல வந்தது. ஓகே குடுத்துட்டேன்."

வந்த செய்தியைப் படித்திருந்தாலும் பெரிய பயன் இல்லை என்பது வைத்தியருக்குத் தெரியும். ‘அப்டேட்டை நிறுவ முடியவில்லை, நிறுவும்போது பிழை ஏற்பட்டது’ என்பதே அதன் சாரம். வயிற்றுவலி என்று போனவருக்கு, ‘இவருக்கு வயிறு வலிக்கிறது’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் டாக்டரைப் போன்ற செய்தி அது. எனவே இவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு நாடி பிடிக்கிறார்.

முதல் வைத்தியம் எல்லா நோய்க்கும் பொதுவானது: அணைத்துப் போடுவது. சாதாரணமாக அணையாவிட்டால் வலுக்கட்டாயமாக அணைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஹோம் பட்டன் உள்ள ஐபேடில் அதையும் மேல் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹோம் பட்டன் இல்லாததில், மேல் பட்டனுக்குப் பக்கத்திலுள்ள ஒலிப் பட்டனை ஒருமுறை தட்டி, அடுத்ததை ஒருமுறை தட்டி, மேல் பட்டனை ஆப்பிள் சின்னம் தெரியும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். வர்ம ஆசான் மாதிரி இதை இவர் முகத்தில் சலனமில்லாமல் செய்கிறார். பார்ப்பவர்களுக்கு எந்த விரல் எங்கே போயிற்று என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதில் இவர் கவனமாகவும் இருக்கிறார்.

சார்ஜ் அடுத்தது. பாதி பேட்டரியாவது இருக்க வேண்டும், அல்லது சார்ஜரில் செருகியிருக்க வேண்டும்; இரண்டும் இல்லாவிட்டால் நிறுவும் பட்டன் மங்கிப்போய் நிற்கும். மங்கிய பட்டனைப் பல வீடுகளில் மாதக்கணக்கில் குத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிறகு வருவது இடப் பிரச்சினை. அப்டேட்டுகள் பல தோற்பது இதனால்தான். 2014-இல் ஐஓஎஸ் 8 வந்தபோது வைஃபை வழியாக ஏற்ற 4.6 ஜி.பி. அளவுக்குக் காலி இடம் கேட்டது. அன்றைக்குப் பல வீடுகளில் இருந்தது மொத்தமே 16 ஜி.பி. கொண்ட ஐபேட். குடித்தனக்காரரிடம் வீட்டின் கால்பகுதியைக் காலி செய்யச் சொன்ன மாதிரி இருந்தது. அடுத்த ஆண்டு ஐஓஎஸ் 9, 1.3 ஜி.பி. போதும் என்று இறங்கி வந்தது. அதுவும் இல்லாவிட்டால் சில செயலிகளைத் தற்காலிகமாக நீக்கி, அப்டேட் முடிந்ததும் தானே திரும்பப் போட்டுவிடுகிறேன் என்று நயமாகவும் பேசியது. ஆனால் இடம் கொடுக்கிற மனசு வீட்டில் யாருக்கும் இல்லை. வைத்தியர் பட்டியலைத் திறக்கிறார். சீமந்த வீடியோ. அதே சீமந்தம், இன்னொரு கோணத்தில். பேரன் முதன்முதலாக நடந்தது. பேரன் நடக்காமல் உட்கார்ந்திருந்தது. மார்கழிக் கச்சேரிகள், இணையம் இல்லாதபோது கேட்பதற்கென்று இறக்கியவை, இன்னும் ஒன்றும் கேட்கப்படாதவை. தெரியாமல் திரைப்பதிவுப் பட்டனைத் தொட்டுவிட்டதால் உருவான இரண்டு மணி நேரப் படம். அதில் மாமி சமையல் குறிப்பு தேடுவது முழுமையாகப் பதிவாகியிருக்கிறது.

"இதை அழிக்கலாமா?"

"ஐயோ, அதுல அத்திம்பேர் இருக்காரே!"

இருபது நிமிடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரைப்பதிவும் உட்கார்ந்திருந்த பேரனும் பலியாகிறார்கள். அழித்தது உடனே அழிவதில்லை, ‘சமீபத்தில் நீக்கியவை’ என்ற தொகுப்பில் 30 நாள் வரை இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் என்பது வைத்தியருக்குத் தெரியும். அங்கேயும் போய் அவர் சத்தமில்லாமல் அழிக்கிறார். தொழில் ரகசியம் என்று சொல்லத்தக்கது இவரிடம் இது ஒன்றுதான்.

இடமும் இருக்கிறது, சார்ஜும் இருக்கிறது, இன்னும் ஏறவில்லை என்றால் வைத்தியரின் பார்வை தேதிக்குப் போகும். இங்கேதான் இவருடைய அனுபவம் பேசும். ஐபேட் தன் நிறுவனத்தின் சர்வரோடு பேசும்போது, எதிரில் இருப்பது அசல் ஆள்தானா என்று ஒரு மின்னணுச் சான்றிதழைப் பார்க்கும். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. ஐபேடின் தேதி அந்த நாட்களுக்கு வெளியே போய்விட்டால் சான்றிதழ் செல்லாது. வாசலோடு பேச்சு முடிந்தது. நல்ல நிலையில் இருக்கும் ஐபேடின் தேதியை யார் போய் மாற்றுவார்கள் என்று கேட்கலாம். விடுமுறைக்கு வந்த பேரன் மாற்றுவான். விளையாட்டில் ‘உயிர்’ தீர்ந்துபோனால் மறுபடி கிடைக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேதியை நகர்த்தினால் உடனே கிடைக்கும். ஒன்பது வயதில் இதைக் கண்டுபிடித்தவன், திரும்ப மாற்ற மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ஐபேட் நாலு வருஷம் தள்ளி, எதிர்காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. வைத்தியர் ‘தானாக அமை’ என்ற பொத்தானைத் தட்டுகிறார். உடல்நிலை தேறுகிறது. "ஒண்ணுமில்லை, உள்ளே ஒரு சின்னச் சிக்கல்" என்று மட்டும் சொல்கிறார். பேரனைக் காட்டிக் கொடுப்பதில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே இவருக்குக் காபி தரலாம்.

வைஃபை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். இவர் வெளியே எடுத்து வைப்பார். இவர் போனதும் அது அழகாக இல்லை என்று மறுபடி பின்னால் போகும். அரைகுறையாக இறங்கிக் கெட்டுப்போன கோப்புதான் காரணம் என்றால், செட்டிங்ஸில் ஐபேட் சேமிப்பகப் பட்டியலுக்குள் அப்டேட்டின் பெயரைத் தேடி, அதை நீக்கிவிட்டு, முதலிலிருந்து இறக்க வேண்டும். நேற்று வெளியான பதிப்பு என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம், இரண்டு நாள் பொறுத்தால் போதும். கலிஃபோர்னியாவில் காலை 10 மணிக்கு வெளியாகும் பதிப்பு இங்கே இரவு பத்தரைக்கும், அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரைக்கும் வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் கூட்டம் எப்போதும் அதிகம். பகல் ராகுகாலத்துக்குத் தப்பி வருவதால் மட்டும் ஒரு பதிப்பு நல்லபடியாக ஏறிவிடும் என்று சொல்ல முடியாது.

எல்லாம் சரியாகி, கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு நகரத் தொடங்கியதும் வைத்தியரின் உண்மையான பணி ஆரம்பமாகிறது. காத்திருப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கோடு அசையாமல் நின்றால்தான் பயப்பட வேண்டும் என்பது ஆப்பிளே சொல்லும் கணக்கு. வீட்டார் பத்தாவது நிமிடத்திலேயே பட்டனை அழுத்தத் தயாராகிவிடுவார்கள். அவர்களைத் தடுத்து உட்கார வைப்பதற்கு மென்பொருள் அறிவு உதவாது. பேச்சுத் திறமை வேண்டும். மகனின் விசா, மாடித் தண்ணீர்த் தொட்டி, செயலாளர் காட்டாத கணக்கு என்று இவர் பேச்சை நகர்த்திக்கொண்டே போக, கோடும் நகர்ந்துகொண்டே போகிறது. மென்பொருள் நிறுவனத்து இளைஞர்களால் இந்த வேலை முடியவே முடியாது.

ஒரு மணி நேரம் தாண்டியும் அசையவில்லை என்றால் பெரிய ஆபரேஷன். கணினி, கேபிள், மீட்பு நிலை. கணினித் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று, உள்ளே இருப்பதைத் தொடாமல் மென்பொருளை மட்டும் மறுபடி போட முயலும். மற்றது அனைத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடும். வைத்தியர் முதலாவதைத் தேர்ந்தெடுக்கும்போது கை நடுங்காது என்றாலும் பேச்சு நின்றுவிடும். மென்பொருள் பல ஜி.பி. இருப்பதால் இறங்க நேரமாகும். 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் ஐபேட் மீட்பு நிலையிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். இறங்கி முடியும்வரை பொறுத்து, மறுபடி மீட்பு நிலைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும். இது தெரியாதவர்கள் 15-வது நிமிடத்தில் ஐபேடைக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

சில நோய்களுக்கு வைத்தியர் பொறுப்பில்லை. 2016 மே மாதம் வந்த ஐஓஎஸ் 9.3.2, சில 9.7 அங்குல ஐபேட் புரோக்களை 56 என்ற பிழை எண்ணோடு முடக்கிப் போட்டது. ஆப்பிள் அந்த மாடலுக்கு அதை நிறுத்திவைத்தது. 2024 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 18-ஐ ஏற்றிய எம்4 ஐபேட் புரோக்கள் சிலவற்றுக்கும் இதே கதி. அதுவும் தற்காலிகமாகத் திரும்பப் பெறப்பட்டது. இந்த இரண்டு சம்பவங்களையும் வைத்தியர் தேதியோடு நினைவில் வைத்திருக்கிறார். தம் கையில் ஏதாவது கெட்டுப்போனால் சொல்வதற்கு உதவும்.

ஆண்ட்ராய்டு டேப்புகளிடம் இவருக்கு ஈடுபாடு குறைவு. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7, மென்பொருளை இரண்டு பிரதிகளாக வைத்துக்கொண்டு ஒன்றில் புதியதை ஏற்றும் வசதியைத் தந்தது. புதியது எழுந்திருக்காவிட்டால் பழையதே எழுந்துவிடும். நல்ல ஏற்பாடு, எல்லா நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளவில்லை. மலிவு டேப்புகளுக்கு அப்டேட்டே வருவதில்லை என்பதால் அது தோற்பதற்கும் வழியில்லை.

வைத்தியருக்குக் கஷ்டமான வேளை ஒன்று உண்டு. 2011-இல் வந்த ஐபேட் 2-ஐக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதற்கு ஐஓஎஸ் 9-க்கு மேல் கிடையாது. 2019 ஜூலையில் சிம் போடும் மாடல்களுக்கு மட்டும், ஜிபிஎஸ் தேதிக் கணக்கைச் சரிசெய்ய 9.3.6 என்று கடைசியாக ஒன்று வந்தது, அவ்வளவுதான். திரையோ, ‘உங்கள் மென்பொருள் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்று பெருமையாகச் சொல்லும். சிவப்பு 1 கூட இல்லை. ஆனால் புதிய செயலிகள் பெரும்பாலும் ஏறாது. "வயசாயிடுத்து மாமி" என்கிறார் வைத்தியர். "இனிமே அது பாட்டுக்கு இருக்கட்டும். படம் பாக்க வெச்சுக்கோங்கோ."

அப்டேட் வெற்றியானால் வைத்தியருக்குக் கிடைப்பது காபியும் ஒரு கிண்ணம் மிக்சரும். கூடவே ஆறு மாதப் பொறுப்பு. இந்த ஆறு மாதத்துக்குள் ஐபேடில் எது நடந்தாலும், "நீங்க தொட்டதுக்கு அப்புறம்தான் சார் இப்படி" என்று ஆரம்பிப்பார்கள். எழுத்து சின்னதாகத் தெரிவது, மகள் வீடியோ அழைப்பில் மெலிந்து தெரிவது, ஒரு வீட்டில் கீஸர் சூடாகாதது வரை இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. இவர் மறுப்பதில்லை. கேபிளை எடுத்துக்கொண்டு வருகிறார்.

இவரை அழைக்க இருப்போர் முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில. ஐபேடை அதனுடைய சொந்தச் சார்ஜரில் போட்டு வையுங்கள். கடவுச்சொல் எழுதிய பால்கணக்கு நோட்டைத் தேடி எடுத்து வையுங்கள். அத்திம்பேர் இருக்கும் வீடியோவை வேறெங்காவது நகல் எடுத்து வையுங்கள். காபியில் சர்க்கரை அரை ஸ்பூன் போதும்; டாக்டர் சொல்லியிருக்கிறார்.