ஹெரால்டுக்கு ஏ.சி.

கேள்வி: தாத்தாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஏ.சி. மாட்டி ஏற்காடு போகலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாக, அடிவாரம் வரை! பரம்பரையில் குறையில்லை, ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் தன் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரையே செய்தது. ஆனால் எஞ்சின் வெறும் 948 சி.சி. ஆயிற்றே! மலையேறவே மூச்சு வாங்கும் அது கம்ப்ரஸரையும் சுற்ற வேண்டும். கண்டென்சரோ ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வருகிற கொஞ்சக் காற்றையும் மறிக்கும். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடுவது தனிச் செலவு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதில் ஆவி பறக்கும் என்று குடும்பத்தோடு பந்தயம் கட்டலாம். சேலத்து வெயிலுக்கு ஏ.சி. சரி. அடிவாரத்தில் அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். மேலே எப்படியும் ஸ்வெட்டர்தான் தேடப்போகிறீர்கள். மெக்கானிக் பில்லை மட்டும் தாத்தாவிடம் காட்டாதீர்கள்!