ஐந்தில் ஒன்று தவறினாலும் தோல்விதான்!

ஆஸ்திரேலியக் குடியுரிமைத் தேர்வு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டுமே இந்த இதழில் இடம்.

கேள்வி: தேர்வு அவ்வளவு கஷ்டமா? நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். (வாசகர், டூங்காபி)

பதில்: நண்பர்களை விடுங்கள், கையேட்டை எடுங்கள். கணினியில் 20 கேள்விகள், 45 நிமிடம், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. 2020 நவம்பர் 15 முதல் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. அந்த 20-ல் 5 கேள்விகள் நாட்டின் மதிப்பீடுகளைப் பற்றியவை. ஐந்துக்கும் சரியான பதில் சொல்ல வேண்டும். மொத்தத்தில் 19 சரி, தவறிய அந்த ஒன்று மதிப்பீடுகளில் என்றால் தோல்விதான். எல்லாக் கேள்விகளும் ‘ஆஸ்திரேலியன் சிட்டிசன்ஷிப்: அவர் காமன் பாண்ட்’ என்ற இலவசக் கையேட்டிலிருந்து வருகின்றன. அது தமிழிலும் கிடைக்கிறது, தேர்வு மட்டும் ஆங்கிலத்தில். தோற்றால் மறுபடி எழுதலாம். உங்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு எந்தப் பாதிப்பும் வராது.

கேள்வி: பிராட்மேனைப் பற்றியெல்லாம் கேட்பார்களாமே? (கிரிக்கெட் ரசிகர், மெல்பர்ன்)

பதில்: அது பழைய கதை. 2007 அக்டோபரில் தேர்வு தொடங்கியபோது படிக்கத் தந்த கையேட்டில் கிரிக்கெட் வீரர் பிராட்மேன் இருந்தார். மறு ஆண்டே ரிச்சர்ட் வுல்காட் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து தேர்வை அலசியது. 2009-ல் புதிய தேர்வு வந்தபோது இத்தகைய துணுக்குகள் போய், உரிமை, கடமை, சட்டம் ஆகியவை முன்னுக்கு வந்தன. சரியான முடிவு. பிராட்மேனின் சராசரி தெரியாதவரும் நல்ல குடிமகனாக இருக்கலாம். ஓட்டுச்சீட்டை நிரப்பத் தெரியாதவரின் ஓட்டு வீணாகும்.

கேள்வி: ‘கணவன் மனைவியை அடிக்கலாமா?’ என்ற ரீதியில் கேட்டால் எவன்தான் ‘அடிக்கலாம்’ என்று டிக் அடிப்பான்? வீட்டில் அடிக்கிறவனும் சரியான பதிலைத்தானே தொடுவான்? இது ஒரு தேர்வா? (வாசகி, வென்ட்வொர்த்வில்)

பதில்: நீங்கள் சொல்வது உண்மை. மனசுக்குள் இருப்பதை எந்தக் கணினியும் திருத்தி மதிப்பெண் போட முடியாது. ஆனால் அவன் பக்கத்திலிருந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, அவன் மனைவியின் பக்கத்திலிருந்து பாருங்கள். இந்தத் தேர்வைக் குடும்பத் தலைவர் எழுதினால் போதும் என்று விடுவதில்லை. மனைவி விண்ணப்பித்தால் அவரும் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்காக அவரும் அந்தக் கையேட்டைப் படிக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் குற்றம், எந்த மதத்தையும் பின்பற்றலாம், எதையும் பின்பற்றாமலும் இருக்கலாம் என்பதெல்லாம் அரசாங்கமே அச்சிட்டுத் தந்த தாளில் அவர் கண்ணில் படுகிறது. கட்டாயத் திருமணம் இங்கே 2013 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ‘நம்ம பழக்கம் இப்படி’ என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இது தெரிவது சின்ன விஷயமில்லை.

மதிப்பீடுகளைப் பற்றிய பாடம் புதிதாக வந்தவனைச் சந்தேகத்தோடு அளப்பதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சில அரசியல்வாதிகள் பேசுவதும் அப்படித்தான் இருக்கிறது. அது எனக்குப் பிடிப்பதில்லை. இந்த அறிவு உங்கள் கைக்கு வந்தபின் அதை வைத்து நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்: முதலாளியிடம், கவுன்சிலிடம், காவல் நிலையத்தில், தேவைப்பட்டால் சொந்த வீட்டிலும்.

கேள்வி: என் மகன் இங்கேயே பிறந்தவன். அவனுக்குத் தேர்வு இல்லை. 45 வயதில் எனக்கு மட்டும் ஏன் இந்தப் பாடம்? (வாசகர், டான்டினாங்)

பதில்: ஞாயமான கோபம். 1986 ஆகஸ்ட் 20 அல்லது அதற்குப் பின் இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருந்தால் பிறப்பிலேயே குடியுரிமை உண்டு. ஆனால் குடிமை அறிவு பிறப்பிலேயே வருவதில்லை. பள்ளி மாணவர்களிடம் நாடு முழுவதும் மாதிரித் தேர்வு வைத்துப் பார்க்கிறார்கள். 2024-ல் பத்தாம் வகுப்பு மாணவர்களில் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் 28 சதவீதம்தான். ஆறாம் வகுப்பில் 43 சதவீதம். வந்தவர்களிடம் கேட்பதைப் பிறந்தவர்களுக்கும் ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள் என்று அரசாங்கத்திடம் உரக்கச் சொல்ல வேண்டிய நேரம் இது. அதுவரை மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். நீங்கள் படித்து முடிக்கும்போது வகுப்பில் அவன் முந்தியிருப்பான்.

கேள்வி: வெள்ளையர் மட்டுமே வரலாம் என்று சட்டம் போட்ட நாடு நமக்கு மதிப்பீடு சொல்லித் தரலாமா? (வாசகர், பெர்த்)

பதில்: சொல்லித் தரலாம். கூடவே அந்தச் சட்டத்தையும் சொல்லித் தர வேண்டும். 1901-ல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கப்பலில் வந்து இறங்குகிறவரிடம் அதிகாரி 50 வார்த்தைகளை வாசிப்பார்; கேட்டு எழுத வேண்டும். எந்த மொழியில் என்பதை அதிகாரியே முடிவு செய்வார். ஏதோ ஒரு ஐரோப்பிய மொழி. உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியுமா, சரி, வேறொரு மொழியில் எழுது! 1909-க்குப் பிறகு அந்தத் தேர்வில் உட்கார்ந்த எவரும் தேறவில்லை.

1934-ல் ஏகன் கிஷ் என்ற செக் எழுத்தாளர் பாசிசத்தையும் போரையும் எதிர்த்துப் பேச வந்தார். இறங்க விடவில்லை. மெல்பர்னில் கப்பலிலிருந்து துறைமுகத்தில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர் என்பதால் அவருக்கு ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி என்ற வரையறைக்குள் அது வராது என்று தீர்ப்பானது. கிஷ் மேடை மேடையாகப் பேசினார். அந்தத் தேர்வு 1958-ல்தான் ஒழிந்தது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் கடைசி மிச்சத்தை 1973-ல் விட்லம் அரசு துடைத்தது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1975-ல் வந்தது.

அன்றைய தேர்வு தோற்கடிப்பதற்காகவே வைத்தது. இன்று பாடத்தை முன்கூட்டியே கையில் தருகிறார்கள். இருந்தாலும், பள்ளிக்கூடமே போக முடியாமல் முகாமில் வளர்ந்த ஓர் அகதிக்கு இன்றைய ஆங்கிலத் தேர்வும் மலைதான். அவருக்கு அவர் மொழியிலேயே தேர்வு வைத்தால் நாட்டுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. ஆங்கிலம் தெரியாது. பரீட்சை எழுதத்தான் வேணுமோ? (வாசகி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிட்னியில் வசிப்பவர்)

பதில்: வேண்டாம். 60 வயது ஆனவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் தேர்வு இல்லை. விழாவில் உறுதிமொழி மட்டும் அம்மா எடுக்க வேண்டும்.

கேள்வி: உறுதிமொழியில் கடவுள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா? (பகுத்தறிவு வாசகர், பிரிஸ்பேன்)

பதில்: கடவுளோடு ஒன்று, கடவுள் இல்லாமல் ஒன்று என இரண்டு வடிவம் உண்டு. எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

கேள்வி: இந்தியக் குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஆஸ்திரேலியாவுக்கு 2002 ஏப்ரல் முதல் ஆட்சேபம் இல்லை, இந்தியாவுக்கு உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே, 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வாங்கினால் வந்து போகலாம், வசிக்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கையில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழியுண்டு.

இங்கே நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் எண்ணம் இருந்தால் அரசியல் சாசனத்தின் 44-ஆம் பிரிவைப் படியுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை இருந்தால் உறுப்பினராக முடியாது. 2017-ல் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸே, தேர்தலின்போது நியூசிலாந்துக் குடியுரிமை இருந்ததால் பதவி இழந்தார். அதை விட்டுவிட்டிருந்ததால் பிறகு இடைத்தேர்தலில் ஜெயித்து வர முடிந்தது. துணைப் பிரதமருக்கே தன் குடியுரிமை நிலை தெரியாமல் போயிருக்கிறது; புதிதாக வரும் நமக்குச் சட்டம் உடனே தெரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பூர்வகுடிகள் பற்றிய பாடம் நமக்கெதற்கு? அது அவர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் உள்ள கணக்குத்தானே? (வாசகர், பரமட்டா)

பதில்: நீங்கள் குடியிருக்கும் பரமட்டா டாருக் மக்களின் மண். வீடு வாங்கி அதில் குடியேறிய பிறகு கணக்கில் நமக்கும் பங்கு வந்துவிட்டது. 1962-ல்தான் பூர்வகுடிகள் எல்லோருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்தது. 1967 பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ‘ஆம்’ என்றார்கள். அதன் பிறகே மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் முறையாகச் சேர்ந்தார்கள். இந்த நிலம் ஆளில்லாமல் கிடந்தது என்ற சட்டக் கற்பனையை 1992-ல் எடி மாபோ வழக்குத் தீர்ப்பு உடைத்தது. தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, வழக்குத் தொடுத்த மாபோ இறந்துவிட்டார்.

ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26-ல் குடியுரிமை விழாவுக்கு உங்களை அழைத்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். 1938-ல் அதே நாளை பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் துக்க நாளாக அனுசரித்தார்கள். அந்த நாள் வேண்டாமென்று தோன்றினால், விழாக்கள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன.

கேள்வி: ஓட்டுப் போடாவிட்டால் அபராதமாம். இதுவா ஜனநாயகம்? (வாசகர், அடிலெய்ட்)

பதில்: இதுவும் ஜனநாயகம்தான், என் கணக்கில் நல்ல ஜனநாயகம். 1922-ல் ஓட்டுப் போட வந்தவர்கள் 60 சதவீதத்தை எட்டவில்லை. 1924-ல் கட்டாயமாக்கினார்கள், 1925-ல் 91 சதவீதம். கூட்டாட்சித் தேர்தலில் தகுந்த காரணமின்றி வராவிட்டால் 20 டாலர். எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்பதால் ஏழையின் ஓட்டையும் புதியவரின் ஓட்டையும் எந்தக் கட்சியும் ஒதுக்கிவிட முடியாது. தேர்தல் சனிக்கிழமை என்பது நமக்கு இன்னொரு வசதி.

என் கவலை வேறு. மேற்கு சிட்னியில், நம்மவர்களும் பிற மொழி பேசுபவர்களும் நிறைந்த தொகுதிகளில்தான் செல்லாத ஓட்டு நாட்டிலேயே அதிகமாக விழுகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் ஒரு கட்டத்தில் மட்டும் 1 என்று எழுதினாலும் செல்லும். அதே பழக்கத்தில் கூட்டாட்சிப் பிரதிநிதிகள் சபைச் சீட்டிலும் 1 மட்டும் எழுதினால் செல்லாது. எல்லாக் கட்டங்களிலும் 1, 2, 3 என்று வரிசையாக எண் போட வேண்டும். டிக் அடித்தாலும் வீண். செனட் சீட்டில் கோட்டுக்கு மேலே கட்சிகளுக்கு என்றால் 1 முதல் 6 வரையாவது, கீழே வேட்பாளர்களுக்கு என்றால் 1 முதல் 12 வரையாவது எழுதுங்கள். எழுதும்போது பிசகினால் கூச்சப்படாமல் அதிகாரியிடம் சீட்டைத் திருப்பிக் கொடுங்கள், புதிது தருவார். பெட்டியில் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. தேர்வில் 20-க்கு 20 வாங்கிவிட்டு முதல் ஓட்டையே செல்லாத ஓட்டாகப் போட்டுவிட்டு வருவது எவ்வளவு பெரிய இழப்பு! பாட்டு வகுப்பு, பொங்கல் விழா நடத்தும் நம் சங்கங்கள், தேர்தலுக்கு முந்தைய வாரம் ஒரு மாதிரிச் சீட்டை வைத்து அரை மணி நேரம் பயிற்சி தரலாமே.

கேள்வி: விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா? (வாசகர், கான்பெரா)

பதில்: தாராளமாக. உங்கள் கான்பெராவின் ஆல்பர்ட் ஹாலில்தான் 1949 பிப்ரவரி 3-ல் முதல் விழா நடந்தது; அன்று குடிமக்கள் ஆனவர்கள் ஏழே பேர், ஏழு நாட்டுக்காரர்கள். இன்றைய விழாக்களில் தேர்தல் ஆணையத்தின் ஆட்கள் வாக்காளர் பட்டியல் படிவத்தோடு பெரும்பாலும் வந்திருப்பார்கள். போட்டோவெல்லாம் எடுத்து முடியுங்கள், ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.