நெய் பூசிய வேல்கள்

எங்கள் பக்கத்து நெடுஞ்சாலையில் மூன்று சாவடிகள் அடுத்தடுத்து வரும்: கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி. நான் குடியிருப்பது நடுவில் உள்ளதில். சாவடி என்றால் வழிப்போக்கன் தன் மூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் போகும் இடம். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே கேட்கமாட்டார்கள். அதே சொல்லுக்கு முன்னால் ‘சோதனை’ என்று சேர்ந்துவிட்டால், மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்லும் இடமாகிவிடும். அப்படி அவிழ்க்கச் சொல்லும் அதிகாரங்களில் மிகப் பெரியது ஒன்றைப் புகழ வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 50-ஆம் பிரிவு. வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் இது செல்லும் என்றுதான் அதன் முதல் வரியே தொடங்குகிறது. ஒருவர் குற்றம் செய்திருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். வனத்துறை அலுவலர் அவருடைய வண்டியை நிறுத்தலாம், படகை நிறுத்தலாம், நிலத்தில் இறங்கலாம், வீட்டுக்குள் போகலாம், பெட்டியைத் திறக்கலாம். நீதிபதியின் வாரன்டுக்குக் காத்திருக்க வேண்டாம். காவல்துறையில் இந்த உரிமை சப்-இன்ஸ்பெக்டருக்கும் அதற்கு மேலே உள்ளவருக்கும்தான். வனத்துறையிலோ படிநிலை பார்க்காமல், வன அலுவலர் என்றாலே கதவு திறக்கிறது. ஏட்டையாவுக்குத் தராத நம்பிக்கையைச் சட்டம் வனக்காப்பாளருக்குத் தந்திருக்கிறது.

இதில் எனக்குக் குறை இல்லை. மான் இறைச்சி ஒரு மணி நேரத்தில் குழம்பாகிவிடும். தந்தம் ஒரே இரவில் மாநில எல்லையைத் தாண்டிவிடும். காட்டோரத்தில் நின்றுகொண்டு நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருந்தால் யானையும் மிஞ்சாது, சாட்சியமும் மிஞ்சாது. எங்கள் தெருக்களில் இன்றைக்கும் சில வாசல்களில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்குகிறது. வளர்ப்பவர்கள் பாசத்தோடுதான் வளர்க்கிறார்கள். ஆனால் அது சட்டம் காக்கும் பறவை. அந்தக் கூண்டின் கதவைத் திறந்துவிட ஓர் அலுவலர் வந்தால், வாரன்ட் எங்கே என்று நான் கேட்கமாட்டேன்.

சட்டத்தை எழுதியவர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். அதைத்தான் அதிகம் புகழ வேண்டும். நுழைந்தவர் எல்லை மீறினால் என்ன செய்வது என்று அன்றைக்கே யோசித்தார்கள். காரணமில்லாமல், துன்புறுத்துவதற்காகவே பொருளைப் பறிக்கும் அலுவலருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்று 53-ஆம் பிரிவில் எழுதினார்கள். பிடிபட்டவரையும் பொருளையும் தாமதமின்றி நடுவர் முன் நிறுத்தச் சொன்னார்கள். 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையின்போது அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்து, எடுத்ததைப் பட்டியல் போடு, பெண்ணைப் பெண்ணே சோதிக்கட்டும், அதுவும் கண்ணியத்தோடு என்றது. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டம் 2024 ஜூலை 1 முதல், சோதனையை ஒளிப்பதிவும் செய் என்கிறது. இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட வரிகளைப் படிக்கும்போது எனக்குத் தொண்டைமானின் ஆயுதச்சாலை நினைவுக்கு வரும்.

நாங்கள் இருப்பது தொண்டை நாடு. தகடூர் அதியமானுக்காக ஔவை தூது வந்தது இங்கேதான், காஞ்சிக்கு. தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்ட, அவை மாலை சூடி, நெய் பூசி, புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன என்று ஔவை புகழ்ந்தாள். அதியமானுடையவை நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். புகழ்ந்த சொல் அத்தனையும் உண்மை. போருக்கு எடுத்துப் போகாத வேல்தான் அப்படிப் பளபளக்கும்.

அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. மலையாளிப் பழங்குடிகள் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி அங்கே அரசு போனது. கையில் இருந்தது 50-ஆம் பிரிவு அல்ல. சந்தனமரத்துக்கு 1882-ன் தமிழ்நாடு வனச்சட்டம் இருக்கிறது. ஆனால் காக்கி அதே காக்கி, துறை அதே துறை, சட்டம் வைத்த நம்பிக்கையும் அதே நம்பிக்கை.

அந்தத் தேடலின் வலிமையை எண்ணிப் பாருங்கள். பின்னால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. வனத்துறையினரில் நான்கு பேர் இந்திய வனப்பணி அதிகாரிகள். ஒரு மலையடிவாரச் சிற்றூருக்கு அரசு இவ்வளவு பேரை அனுப்பியது. அந்த ஊருக்கு வேறெதற்காவது இத்தனை அலுவலர்கள் ஒரே நாளில் வந்திருப்பார்களா?

தேடல் முழுமையாக நடந்தது. ஊர்க்காரர்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். வீடுகளை இடித்தார்கள். பாத்திரம், தானியம் எதையும் விடவில்லை. ஆடு கோழிகளை அறுத்துத் தின்றார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் செய்தார்கள். ஒளித்துவைத்த கட்டையைக் காட்டு என்று சொல்லி 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பெண்ணும் இருந்தாள். பெண்களையும் குழந்தைகளையும் அரூர் வன அலுவலகத்தில் இரவெல்லாம் வைத்திருந்துவிட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

இப்போது ஆயுதச்சாலைக்குத் திரும்புகிறேன். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற வரி அன்று எங்கே இருந்தது? புத்தகத்தில், பூச்சு கலையாமல். பெண்ணைக் கண்ணியத்தோடு சோதி என்ற வரி? அதன் நெய்யில் ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை. ஏரிக்கரைக்கு அதை யாரும் எடுத்துப் போகவில்லை. நுழையலாம், திறக்கலாம், பிடிக்கலாம் என்கிற வரிகள் மட்டும்தான் களத்துக்குப் போயின. காவலாக எழுதிய வரிகள் எல்லாம் மாலையோடு சுவரில் சாய்ந்து நின்றன. அவ்வளவு அழகான வரிகள். அந்த அழகைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

வேறு நாட்டில் இதே அதிகாரம் வழக்கில் சிக்கியதும் உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், வேட்டைக் காவல் அலுவலர்கள் வாரன்ட் இல்லாமல் தங்கள் நிலத்தில் புகுந்தார்கள், மரத்தில் கேமரா கட்டினார்கள் என்று நிலக்காரர் இருவர் வழக்குப் போட்டார்கள். 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கேமராவுக்கே வழக்கு நின்றதைக் கண்டு எனக்கு ஏளனம் இல்லை, பொறாமைதான். அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. வாச்சாத்திப் பெண்களுக்கு இருந்ததெல்லாம், நடந்ததை நடந்தபடி சொல்லும் வாய் ஒன்றுதான். அந்த வாயையும் பல ஆண்டுகள் அரசு நம்பவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் நீதிமன்றம் போனார். மலைவாழ் மக்கள் சங்கத்தினர் கூடவே நடந்தார்கள். 1995-ல் வழக்கு சிபிஐ கைக்கு வந்தது. தங்களைச் சிதைத்தவர்கள் யார் யார் என்று, வரிசையில் நிறுத்தப்பட்டவர்களிடையே அந்தப் பெண்கள் அடையாளம் காட்டினார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரில் ஒருவர்கூடக் குற்றமற்றவர் என்று வெளியே போகவில்லை. மேல்முறையீட்டுக்கு இன்னொரு பன்னிரண்டு ஆண்டு. 2023-ல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தனை மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது. பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவேண்டும், அதில் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. சம்பவம் நடந்தபோது இருந்த ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இத்தனையும் நடந்தது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஒரு குடிசையில் அடுக்குப்பானையைக்கூட விடாமல் தேடிய கண்களுக்கு, கட்டையை விலைகொடுத்து வாங்கியவனின் மாளிகை தெரியவில்லை. மாளிகைக்குள் போகவும் அதே சட்டம்தான் அனுமதி தந்திருந்தது.

அந்த வழக்கில் எனக்கு மறக்காத தேடல் வேறொன்று உண்டு. தீர்ப்பு எழுதுவதற்கு முன், 2023 மார்ச்சில், நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே போனார். ஊரையும் சம்பவம் நடந்த இடங்களையும் நேரில் பார்த்தார். அந்த ஊரில் முறையாக நடந்த தேடல் என்று நான் எண்ணுவது இதைத்தான். இது நடக்க ஏறக்குறைய முப்பத்தோரு ஆண்டு ஆனது.

எங்கள் தெருக் கிளிக்கூண்டுகளைத் தேடி என்றைக்காவது வன அலுவலர் ஒருவர் வருவார், வரட்டும். இரண்டு சாட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் எதிர்வீட்டு அண்ணனும் வருகிறோம். பட்டியல் எழுதப் பேனா தருகிறோம். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் ஒரு பெண் அலுவலரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் சார், அவர் வரும்வரை திண்ணையில் உட்காருங்கள். இது சாவடி. வந்தவருக்கு இங்கே இடம் உண்டு.