ஊதாத விசிலும் ஓயாத விசிலும்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஓடும் பழைய லயோனல் பொம்மை ரயிலின் விசில் இன்ஜினில் இல்லை; பின்னால் கரி சுமந்து வரும் டெண்டர் பெட்டியில் இருக்கிறது. லயோனல் நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது. உள்ளே ஒரு குட்டி மோட்டார் விசிறியைச் சுழற்றும். காற்று சிறிதும் பெரிதுமான இரண்டு அறைகளுக்குள் புகுந்து நிஜமாகவே ஊதும்.

ரயில் ஓடுவது ஏசி மின்சாரத்தில். விசில் பொத்தானை அழுத்தினால் அதே தண்டவாளத்தில் கொஞ்சம் டிசியும் கலந்து போகும். டெண்டருக்குள் உள்ள ரிலே, மாமனார் கூப்பிட்டால் அசையாமல் மாமியாரின் காபி டம்ளர் சத்தத்துக்கு மட்டும் எழுந்து உட்காரும் மாப்பிள்ளை மாதிரி. ஏசியைக் கண்டுகொள்ளாது, டிசி வந்ததும் துள்ளி எழுந்து மோட்டாருக்கு வழி விடும்.

விசில் மக்கர் செய்தால், வைத்தியம் முக்கால்வாசி காதால்தான். 'கீச்' என்றால் பேரிங் வறண்டிருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். தாராளம் காட்டினால் எண்ணெய் கம்யூட்டேட்டருக்கு வழிந்து, கார்பன் தூளோடு குழைந்து, விசிலுக்கு வாய்ப்பூட்டு. 'டர்ர்ர்' என்றால் விசிறி சுவரில் உரசுகிறது. மோட்டார் சுற்றியும் 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு மட்டும் வந்தால் மூடியில் காற்று கசிகிறது. ஒன்றுமே கேட்கவில்லையா? டெண்டரைத் திட்டுவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். டிசியை உண்டாக்கும் ரெக்டிஃபையர் தட்டு வயதாகி உயிரை விட்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு டயோடு போதும்.

ஊதாத விசிலோடு குடித்தனம் நடத்திவிடலாம். ஓயாத விசிலோடு முடியாது. ரிலே ஒட்டிக்கொண்டாலும் ஊதும். சில புதுவகை மின்னணு டிரான்ஸ்ஃபார்மர்களில் டிசி லேசாகக் கசிந்தாலும், பொத்தானைத் தொடாமலே ஊதும். ஒரு ஞாயிறு மதியம் அப்படி ஊதியபோது மேலேயிருந்து மனைவியின் குரல்: "குக்கரை இன்னும் அடுப்புல வைக்கவே இல்லையே, யாருங்க விசில் விடறது?"

என் நண்பர் எச்ஓ ரகக்காரர். எல்லாம் 87-ல் ஒரு பங்கு அளவு. அவருடைய சரக்குப் பெட்டிக்குள் சவுண்ட் டிகோடரும் நகத்தளவு ஸ்பீக்கரும் இருக்கின்றன. ஸ்பீக்கரின் முதுகைக் காற்றுப் புகாமல் அடைக்காவிட்டால், பின்பக்க ஒலி முன்பக்க ஒலியைத் தின்றுவிடும். சக்கரத்தில் அழுக்கு சேர்ந்தால் ஒலி விட்டுவிட்டு வரும். இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லையென்றால் டிகோடரின் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி 8-ல் 8 என்று எழுதி, டிகோடரைப் பிறந்த நாளுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். சரியாகிவிடும், வியாதி என்னவென்றுதான் கடைசிவரை தெரியாது. இதில் என்ன சுகமோ!

ஒன்றில் மட்டும் அவர் கொடுத்துவைத்தவர். அவர் ரயிலில் வால்யூமைக் குறைக்கலாம். லயோனல் விசிலில் அந்த வசதியே இல்லை என்று வீட்டில் அடித்துச் சொல்லியிருந்தேன். இப்போது டெண்டரின் மேல் ஒரு பழைய டர்க்கி டவல் நான்காக மடித்துப் போர்த்தியிருக்கிறது. ஒலி நன்றாகவே குறைகிறது. திருப்பத்தில் டவலின் நுனி சக்கரத்தில் சிக்குகிறது. அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.