டிராகுலா புளியந்தீவுக்கு வருவாரா?

கேள்வி: கிறிஸ்டோபர் லீயின் பழைய டிராகுலா படங்களைத் திரும்பவும் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, இரவில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தால் தனியே வரப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தைரியமாக வாருங்கள். 1966இல் வந்த படத்தில் டிராகுலாவின் கதையை முடிப்பதே ஓடும் நீர்தான். பனிக்கட்டி உடைய, மனுசன் உள்ளே போய்விடுகிறார். படம் முழுக்க லீக்கு ஒரு வசனமும் இல்லை என்பதால் உதவிக்கும் கூப்பிடவில்லை. புளியந்தீவைச் சுற்றியும் வாவிதானே! என்ன, கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் அது ஓடும் நீரா, நிற்கும் நீரா என்று டிராகுலா வழக்குப் பேசலாம். மாரி வரைக்கும் கொஞ்சம் கவனம்.

லீயின் 1958 டிராகுலா படத்தின் இரத்தம் இன்று வெறும் சிவப்புப் பெயின்ட். எனக்குத் திகிலூட்டுவது, நம் களனி கங்கையில், கித்துல்கலவில் எடுத்து 7 ஒஸ்கார் வாங்கிய ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957). அந்தப் படம் பேசும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். படத்திலோ பாலம் கட்டுவது, சீட்டியடித்தபடி முகாமுக்குள் வரும் வெள்ளைக்காரக் கைதிகள்.